எதற்கு எவ்வளவு: மரபியல், ஊட்டச்சத்து, உடற்கல்விக் கேள்விகளைத் தனியாகப் போட்டுப் பழக ஒரு வழி

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து நர்சிங், ஊட்டச்சத்தியல், உடற்கல்வி என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் கடற்கரைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நடுவில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று எந்த ஊரை எடுத்தாலும், வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆளாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. டியூஷனுக்கு ராமநாதபுரம் போய்வர பஸ் நேரம் ஒத்துவராது. அப்படிப்பட்டவர்கள் தாங்களாகவே உட்கார்ந்து கேள்விகளைப் போட்டுப் பார்க்க ஒரு முறை வேண்டும்.

மூன்றும் வேறு வேறு பாடங்கள். ஆனால் மதிப்பெண் கைநழுவும் இடம் மூன்றிலும் ஒன்றுதான். எண்ணை நினைவில் வைத்திருப்பார்கள், அது எதற்கான எண் என்பதை விட்டுவிடுவார்கள். கால் பங்கு என்றால் எதில் கால் பங்கு? 20 கிராம் புரதம் என்றால் எவ்வளவு மீனில்? 149 துடிப்பு என்றால் எவ்வளவு நேரத்தில்? இதை ஒவ்வொரு கேள்வியிலும் கேட்கப் பழகிவிட்டால் பாடத்தில் பாதி தானாகவே விளங்கத் தொடங்கும்.

தொடங்கும் முன்

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள், வினாடி காட்டும் கடிகாரம் அல்லது போன், எடை பார்க்க ஒரு சின்னத் தராசு. தராசு இல்லையென்றால் மீன் விற்கும் அக்காவிடமோ மளிகைக் கடையிலோ கேட்டு எடை போட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

புத்தகத்துக்குச் செலவு தேவையில்லை. மரபியலுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலிருந்து தொடங்குங்கள். அதன்பின் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலும் விலங்கியலும். கல்லூரியில் சேர்ந்த பிறகு பத்தாம் வகுப்புப் புத்தகமா என்று யோசிக்க வேண்டாம், அடித்தளம் அங்கேதான் தெளிவாக இருக்கிறது. உணவுக் கணக்குக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை போதும். 528 உணவுப் பொருட்களின் சத்து விவரம் அதில் உண்டு.

முதல் படி: கேள்வியை இரண்டு நிறத்தில் படிப்பது

கேள்வியைப் படித்ததும் விடைக்குத் தாவாதீர்கள். என்ன கேட்கிறார்களோ அதன் கீழ் நீலக் கோடு போடுங்கள். எதில், எத்தனைக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லும் பகுதியின் கீழ் சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு போட எதுவுமே இல்லையென்றால் அந்தக் கேள்வி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது என்று பொருள். அதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்: "100 கிராமுக்கு", "ஒரு பிரசவத்துக்கு", "ஒரு நிமிடத்துக்கு" என்று.

இரண்டாம் படி: நாணயத்தோடு மரபியல்

மரபியலில் முதலில் வருவது கிரிகோர் மெண்டலின் பட்டாணிச் செடிகள். 1856 முதல் 1863 வரை வளர்த்து எண்ணி, 1866-ல் முடிவுகளை வெளியிட்டார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்து, முதல் தலைமுறையில் எல்லாமே நெட்டையாக வந்து, அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தெரிந்ததை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இனி அதைக் கையால் செய்து பாருங்கள்.

ஒரு நாணயம் அப்பா, இன்னொன்று அம்மா. தலை விழுந்தால் "நெ" (நெட்டை), பூ விழுந்தால் "கு" (குட்டை). இரண்டையும் சேர்த்துச் சுண்டி விழுந்ததை எழுதுங்கள். இரண்டும் "கு" என்றால் மட்டுமே குட்டைச் செடி, ஒரு "நெ" இருந்தாலே நெட்டை. தேர்வுத்தாளில் இதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் போடுவார்கள். வேலை அதேதான்.

நான்கு முறை சுண்டிப் பாருங்கள். மூன்று நெட்டை, ஒரு குட்டை என்று சரியாக வருமா? கணக்குப் போட்டால் அப்படி வர வாய்ப்பு 4 × 3/4 × 3/4 × 3/4 × 1/4, அதாவது 27/64. சுமார் 42 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்ட தடவை விகிதம் வேறு மாதிரி விழும். நான்குமே நெட்டையாக விழ 81/256, சுமார் 32 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்வேன். மாறிய மரபணு ஒன்றை மட்டும் சுமந்து, தனக்கு நோய் இல்லாமல் இருப்பவரைக் கடத்தி என்பார்கள். "பெற்றோர் இருவரும் கடத்திகள் என்றால் நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும்" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். சரியான வாக்கியம்: ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர வாய்ப்பு 1/4. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்பது கிடையாது.

அப்புறம் நூறு முறை சுண்டுங்கள். தம்பி தங்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடும்போது விகிதம் மூன்றை நெருங்குவதைப் பார்க்கலாம். மெண்டலின் எண்களும் இப்படித்தான்: நெட்டை 787, குட்டை 277, அதாவது 2.84-க்கு 1. உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850, அதாவது 2.96-க்கு 1.

இப்போது பலரைத் தடுக்கி விழவைக்கும் கேள்வி. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்திகளான பெற்றோருக்கு நோயுள்ள ஒரு குழந்தையும், நோயில்லாத ஒரு அண்ணனும் இருக்கிறார்கள். அண்ணன் கடத்தியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? கட்டம் போடுங்கள். நல்ல மரபணு "ந", மாறியது "ம". நான்கு கட்டங்களில் ந-ந, ந-ம, ம-ந, ம-ம. பாதி என்று கை எழுதப் போகும். ஆனால் அண்ணனுக்கு நோய் இல்லை என்று கேள்வியே சொல்லிவிட்டது, ஆகவே ம-ம கட்டத்தை அடித்துவிட வேண்டும். மிச்சம் மூன்று கட்டம், அதில் இரண்டில் "ம" இருக்கிறது. விடை 2/3. கேள்வி கொடுத்த ஒரு தகவலால் கீழே நிற்கும் எண் நான்கிலிருந்து மூன்றாக இறங்கிவிட்டது.

ரத்த வகைக் கேள்விகள் எளிது, சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அம்மா ஓ, அப்பா ஏபி என்றால் குழந்தை ஏ அல்லது பி. ஓ வராது, ஏபி வராது. இதற்கு அரிய விதிவிலக்குகளும் உண்டு. 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே ரத்த வகை அதில் ஒன்று. ஆகவே ரத்த வகையை மட்டும் வைத்து யாருடைய பிறப்பையும் பற்றிப் பேசக் கூடாது.

மூன்றாம் படி: சொந்தத்தில் திருமணம் பற்றிய கேள்வி

இதற்குத் தனியாக நேரம் கொடுங்கள். தேர்வுக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். முஸ்லிம் வீடுகளில் தாய்மாமன் முறை கிடையாது, ஆனால் அத்தை, மாமா பிள்ளைகளுக்குள் செய்வது உண்டு.

கேள்வி இப்படி வரும்: ஒரு தாத்தா ஒடுங்கு நோய் ஒன்றின் (மாறிய மரபணு இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வரும் நோய்) கடத்தி. அவருடைய மகனின் மகனும், மகளின் மகளும் திருமணம் செய்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு என்ன?

தாத்தாவை மேலே எழுதி இரண்டு பக்கமும் கோடு இறக்குங்கள். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் அந்த மரபணு கைமாற வாய்ப்பு பாதி. மகனுக்கு 1/2, பேரனுக்கு 1/4. மகளுக்கு 1/2, பேத்திக்கு 1/4. இருவரும் கடத்திகளாக இருந்தால் குழந்தைக்கு நோய் வர 1/4. மூன்றையும் பெருக்கினால் 1/64. "பாட்டியும், வெளியிலிருந்து வந்த மருமகனும் மருமகளும் கடத்திகள் இல்லை என்று கொள்கிறோம்" என்ற வரியை விடையில் கட்டாயம் சேருங்கள்.

அதே தாத்தாவின் மகனும், மகளின் மகளும் என்றால், அதாவது தாய்மாமனும் அக்கா மகளும் என்றால், ஒரு தலைமுறை குறைகிறது. 1/2 × 1/4 × 1/4, விடை 1/32. முன்னதைவிட இரண்டு மடங்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் உறவுமுறையில் அத்தை மகன் முறைமாப்பிள்ளை, சித்தி மகன் அண்ணன் தம்பி. மரபியல் கணக்கில் இரண்டு பேரும் ஒரே தூரம். முறை இருக்கிறது என்பதற்காக 1/64 குறைவதும் இல்லை, முறை இல்லை என்பதற்காகக் கூடுவதும் இல்லை.

கேள்வியின் இரண்டாம் பகுதியாக, "அந்தத் தம்பதியின் முதல் குழந்தைக்கு நோய் இருக்கிறது, இரண்டாவது குழந்தைக்கு வாய்ப்பு என்ன?" என்று கேட்டால் மறுபடியும் 1/64 எழுதாதீர்கள். முதல் குழந்தைக்கு நோய் வந்ததாலேயே பெற்றோர் இருவரும் கடத்திகள் என்பது உறுதியாகிவிட்டது. இனி 1/4.

இந்தக் கணக்குகளைப் பழக அக்கம்பக்கத்து வீட்டுக் கதைகளைப் பெயரோடு நோட்டில் வரையாதீர்கள். யாருக்கு என்ன நோய் என்பது அந்த வீட்டு விஷயம். கற்பனைக் குடும்பம் போதும். உண்மையான குடும்பம் யோசனை கேட்டு வந்தால், திருமணத்துக்கு முன்போ கர்ப்பத்துக்கு முன்போ ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். தலசீமியாவுக்குக் கடத்தியா இல்லையா என்று ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: மீன், கருவாடு, உப்பு

ஊட்டச்சத்துக்கு வந்தால் முதலில் மூன்று எண்கள்: ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி, ஒரு கிராம் புரதம் 4, ஒரு கிராம் கொழுப்பு 9. 80 கிராம் அரிசியில் 63 கிராம் மாவுச்சத்து, 6 கிராம் புரதம், அரை கிராம் கொழுப்பு என்று வைத்தால் 252 + 24 + 4.5, சுமார் 280 கிலோகலோரி.

இதில் சிவப்புக் கோடு எங்கே? அது அரிசியா, சோறா? வெந்ததும் தண்ணீரை இழுத்து எடை இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். 100 கிராம் அரிசி சுமார் 350 கிலோகலோரி, 100 கிராம் சோறு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அட்டவணையில் அரிசியின் எண்ணைப் பார்த்துவிட்டு தட்டில் இருக்கும் சோற்றின் எடையோடு பெருக்கினால் மொத்தக் கணக்கும் போச்சு.

கருவாடு இதே பாடத்தைத் திருப்பிச் சொல்லும். அட்டவணையில் பச்சை மீனைவிடக் கருவாட்டில் புரதம் இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு, வெயிலில் காயும்போது புரதம் கூடுகிறது என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் மீனில் தண்ணீர் 75, புரதம் 20, மற்றவை 5 என்று வையுங்கள். உப்பைக் கணக்கில் எடுக்காமல், காய்ந்த பிறகு தண்ணீர் 15 கிராம் மிச்சம் என்றால் மொத்தம் 40 கிராம். புரதம் அதே 20 கிராம்தான். ஆனால் 40-க்கு 20 என்பதை 100-க்கு மாற்றினால் 50 ஆகிறது. போனது தண்ணீர் மட்டுமே. தட்டில் கருவாட்டை 100 கிராம் யாரும் வைப்பதில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் திருத்துபவருக்கு உங்கள் மேல் மதிப்பு வரும். கருவாட்டில் உப்பு 15 சதவீதம் என்று கேள்வி சொன்னால், 30 கிராம் கருவாட்டிலேயே 4.5 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எடை போடும்போது இன்னொரு விஷயம். அட்டவணை சொல்வது உண்ணக்கூடிய பகுதிக்கு. காரல் மாதிரி முள் நிறைந்த சின்ன மீனைத் தலை, குடலோடு நிறுத்தால் அந்த எண் பொருந்தாது. கழுவி அறுத்த பிறகு நிறுங்கள். சாப்பிட்ட பின் முள்ளையும் நிறுத்துக் கழித்துவிடுங்கள்.

தேவை எவ்வளவு என்பதற்கு இந்தியப் பெரியவர்களுக்கான 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். இந்த ஒரு எண்ணில் சிவப்புக் கோடு இரண்டு: கிலோவுக்கு, நாளைக்கு. 55 கிலோ உள்ளவருக்கு சுமார் 46 கிராம்.

உப்புக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இது நம் ஊரிலிருந்தே பிறக்கிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பளங்கள், சுற்றிலும் கடல். கடலில் அயோடின் இருக்கிறது. அப்படியிருக்க உப்பில் ஏன் தனியாக அயோடின் சேர்க்கிறார்கள்?

ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். 10 கிராம் உப்பு எடுக்க சுமார் 290 மில்லிலிட்டர் கடல்நீர் வேண்டும். அந்த நீரின் அயோடின் முழுக்க உப்பிலேயே தங்கினாலும் கிடைப்பது 17 மைக்ரோகிராம். உண்மையில் உப்பு படியும்போது அயோடினின் பெரும்பகுதி மிச்சத் தண்ணீரோடு போய்விடும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைய தேவை 150 மைக்ரோகிராம். அயோடின் கலந்த உப்பு கடையில் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும், அதாவது ஒரு கிராமில் 15 மைக்ரோகிராம். 10 கிராமில் 150.

விடை எழுதிவிட்டோம் என்று எழுந்துவிடாதீர்கள். கருவாட்டுக் கணக்கில் உப்பு 5 கிராமுக்குள் என்றோம், இங்கே 10 கிராமுக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம். 5 கிராமில் குறைந்தபட்ச அளவுப்படி 75 மைக்ரோகிராம்தான் வரும். மிச்சம் மீன், பால், முட்டையிலிருந்து வர வேண்டும். இந்த முரணை நீங்களே கண்டுபிடித்து எழுதினால் அது நல்ல விடை. கடற்பாசி கடல்நீரிலிருந்து அயோடினை இழுத்துத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும், ஆனால் பாசிக்குப் பாசி அளவு மிகவும் மாறும். அதனால் "கஞ்சிப்பாசி சாப்பிட்டால் போதும்" என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது.

ஐந்தாம் படி: நாடியும் மணலும்

உடற்கல்வியில் உங்கள் உடம்புதான் ஆய்வுக்கூடம். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் நாடியை 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஒரு வாரம் எழுதினால் உங்கள் ஓய்வு நாடி தெரிந்துவிடும்.

அதிகபட்ச நாடிக்கு 220-லிருந்து வயதைக் கழிப்பது தோராயமான வழி, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். 18 வயது, ஓய்வு நாடி 70 என்றால் அதிகபட்சம் 202. "60 சதவீதத் தீவிரம்" என்று கேட்டால் எதில் 60 என்று பாருங்கள். அதிகபட்சத்தில் என்றால் 121. ஓய்வுக்கும் அதிகபட்சத்துக்கும் இடையே உள்ள 132 துடிப்பில் என்றால், 79-ஐ 70-ஓடு கூட்டி 149. நிமிடத்துக்கு 28 துடிப்பு வித்தியாசம், அது மெதுவோட்டத்துக்கும் மூச்சு வாங்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

12 நிமிட ஓட்டச் சோதனையில் 2,400 மீட்டர் ஓடியவருக்கு, 2,400-லிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் 42.4. இதன் அலகு: ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, மில்லிலிட்டர் ஆக்சிஜன். அலகை எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பதுகூட தாராளம்தான். இந்தச் சோதனையைத் தனுஷ்கோடி மணலில் ஓடிப் பார்க்காதீர்கள். அதே வேகத்தில் மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட சுமார் 1.6 மடங்கு ஆற்றல் போகும். ஓடும் தூரம் குறையும், நல்ல ஓட்டக்காரருக்கும் மோசமான எண் வரும். பள்ளி மைதானமோ தார்ச்சாலையோ தேடுங்கள்.

கபடிக் கேள்விக்கு நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு ரெய்டு 30 வினாடிக்குள். முதல் பத்து வினாடி அளவுக்குத் தசையில் உடனடி ஆற்றலுக்குத் தயாராக இருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இரண்டு பொருட்கள், அதைத் தாண்டினால் ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸைச் சிதைக்கும் லாக்டிக் முறை, அடுத்த ரெய்டு வரை நிற்கும்போது ஆக்சிஜன் முறை பழையதை ஈடுகட்டும். இந்த வரிசையில் எழுதினால் போதும்.

வியர்வை பற்றி ஒன்று. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப் போகும். சொட்டி விழுந்த வியர்வை எதையும் எடுத்துப் போகாது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடம்பு சூடேறுகிறது. அதனால் பயிற்சியை விடியலிலோ மாலையிலோ வையுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 55 கிலோ 54.4 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால் போனது 900 மில்லி, 600 அல்ல.

ஆறாம் படி: கலந்த கேள்வி

55 கிலோ எடையுள்ள மாணவி கெட்டித் தரையில் அரை மணி நேரம் ஓடுகிறாள். ஓட்டத்தின் தீவிரம் 8 மெட். எவ்வளவு அரிசிக்குச் சமமான ஆற்றல்?

ஒரு மெட் என்பது ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோகலோரி. 8 × 55 × 0.5 = 220 கிலோகலோரி. ஒரு கிராம் அரிசிக்கு 3.5 என்றால் சுமார் 63 கிராம் அரிசி. அதே வேகத்தில் மணலில் என்றால் 1.6 மடங்கு, 352 கிலோகலோரி, சுமார் 100 கிராம் அரிசி.

இந்தக் கேள்வியை நீங்களே மாற்றி எழுதுங்கள். எடையை மாற்றுங்கள், அரிசிக்குப் பதில் மீன் வையுங்கள், ஓட்டத்துக்குப் பதில் கபடி வையுங்கள். மாற்றிய கேள்வியைத் தோழியிடம் கொடுத்து, அவள் எழுதியதை நீங்களும் வாங்கிப் போடுங்கள். அவளுடைய விடையைத் திருத்தும்போது முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் அப்பா அண்ணன்மாரும் வீட்டில் இருப்பார்கள். கருவாட்டுக் கணக்கை அவர்களிடம் சொல்லிக் காட்டுங்கள். எத்தனை கிலோ மீன் காய்ந்தால் எத்தனை கிலோ கருவாடு என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். உங்கள் 100-க்கு 40 சரியா என்று அவர்களே சொல்வார்கள். காரலுக்கு ஒரு எண், நெத்திலிக்கு வேறு எண் என்று வந்தால் இரண்டையும் நோட்டில் தனித்தனியாக எழுதி, புரதக் கணக்கை மறுபடி போடுங்கள்.